நாற்பத்தாறும் ஒன்றும்

போன வெள்ளிக்கிழமை விக்கிரமங்கலத்தில் ஓர் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் இத்தனை வருடம் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன். நான் எப்படி அங்கே போய் மாட்டிக்கொண்டேன் என்பதை முதலில் கேளுங்கள்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். வீடு அரியலூரில், ஆராய்ச்சி திருச்சியில் ஒரு கல்லூரியில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி — நான் குரோமோசோம் எண்ணுகிறவள்.

உடம்பில் உள்ள செல்லுக்குள் நூல் துண்டுகள் மாதிரி இருக்கும். அம்மா கொடுத்தது பாதி, அப்பா கொடுத்தது பாதி. மொத்தம் நாற்பத்தாறு, இருபத்து மூன்று ஜோடி. கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணா என்று சொல்லும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பாடம் இவ்வளவுதான், பரீட்சை கிடையாது.

நான் ஆரம்பித்தது வெட்டுக்கிளியில். எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் குவாரி ஓரமெல்லாம் எருக்கஞ்செடி. அதில் மஞ்சளும் நீலமுமாக வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். ஆண் வெட்டுக்கிளி ஒன்று கிடைத்தால் போதும், விந்தணு எப்படி உருவாகிறது என்பதை மைக்ராஸ்கோப்பில் படிப்படியாகப் பார்க்கலாம். பிளாஸ்டிக் டப்பாவோடு குவாரி ஓரம் குனிந்து குனிந்து நடந்ததில் 'வெட்டுக்கிளி டீச்சர்' என்ற பட்டம் வந்தது. பட்டம் கொடுத்தவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஆண் வெட்டுக்கிளிக்கு ஒய் என்பதே கிடையாது. ஒற்றை எக்ஸை வைத்துக்கொண்டே செடி நிறையக் குடும்பம் நடத்துகிறது.

அப்புறம் மனிதர்களுக்கு வந்தேன். ஆண்களுக்கு ஏன் குழந்தை உண்டாகாமல் போகிறது, அதில் குரோமோசோமின் பங்கு என்ன? இதுதான் இப்போது என் ஆராய்ச்சி. வெட்டுக்கிளியைப் பிடிப்பது சுலபம். ஆம்பளையைப் பிடிப்பது...?

குழந்தை இல்லை என்றால் நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? பெண்டாட்டி அரச மரம் சுற்றுவாள், மண்சோறு சாப்பிடுவாள், திருச்சி டாக்டரிடம் போவாள், தஞ்சாவூர் டாக்டரிடமும் போவாள். புருஷன் கூடவே வருவார் — ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அங்கே வேப்ப மரத்தடியில் பீடியைப் பற்றவைத்தால் அத்தோடு சரி. "உங்களையும் பார்க்கணுமே" என்று சொல்லி அனுப்பினால் மரத்தடி காலியாக இருக்கும். அரியலூரில் என் சிநேகிதி ஒரு லேடி டாக்டர். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க அவர் இத்தனை நாளில் பிடித்துக் கொடுத்த ஆண்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

அப்போதுதான் மலர்க்கொடி வந்தாள். (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ளச் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.) கல்யாணமாகி ஏழு வருடம். புருஷன் ராசேந்திரன், சிமெண்ட் பேக்டரியில் ஷிப்ட் வேலை. மலரிடம் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. மாமியார் அந்தக் காகிதத்தை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மகனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பெண் யார் தெரியுமா? மலரின் தங்கை. சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள். அக்கா, தங்கை இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் புகார் கொடுக்கப் போவது யார்? தங்கை ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். புருஷன் ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவரிடம் குறை இல்லை என்றால் அவளே தங்கைக்குத் தாலி எடுத்துக் கொடுப்பாள். விந்துப் பரிசோதனை என்றதும் ராசேந்திரன் வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். கடைசியில், ரத்தம் என்றால் சரி என்று இறங்கி வந்தார்.

குறித்த நாளில் டாக்டரின் கிளினிக்குக்கு ஆள் வந்தார். கட்டை குட்டையான உடம்பு, கருகருவென்று மீசை, வாய் ஓயாத பேச்சு. ராசேந்திரன் என்று பெயர் சொன்னார், கையை நீட்டினார். டாக்டர் ரத்தம் எடுத்தார். பழைய சாதத் தூக்குக்குப் பக்கத்தில் டியூபைப் பத்திரமாக வைத்து, கூடையை மடியில் இடுக்கிக்கொண்டு பாசஞ்சர் ஏறினேன்.

அப்புறம் நடப்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ரத்தத்தை மூன்று நாள் சூட்டில் வைத்து வளர்க்க வேண்டும். ஸ்லைடு போட்டு, மைக்ராஸ்கோப் வழியாகப் போட்டோ பிடித்து, பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும். பிறகு கத்தரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி, உயரம் பார்த்து, இடுப்பு மாதிரி ஒடுங்கிய இடம் எங்கே என்று பார்த்து, ஜோடி சேர்த்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கல்யாணத் தரகர் வேலைதான், கமிஷன் மட்டும் கிடையாது.

அந்த ரத்தத்தில் ஜோடி கச்சிதமாகச் சேர்ந்தது. நாற்பத்தாறு, எக்ஸ், ஒய். கோளாறு எதுவும் அகப்படவில்லையே என்று எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. ஒரு ஆராய்ச்சிக்காரி அப்படி நினைக்கக் கூடாது, ஆனாலும் நினைத்தேன். 'குரோமோசோம் சரியாக இருக்கிறது. ஆனால் விந்தணுவைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். பரிசம் போட நாள் குறித்துவிட்டார்கள்.

பரிசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. உதவி செய்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றார். நெடுநெடுவென்று உயரம், நீளக் கால், மீசை இருக்கிற இடத்தில் ஏதோ நாலு முடி. உள்ளே கூப்பிடலாம் என்று, "அது யாரும்மா, உன் அண்ணனா?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு டீச்சர். நீங்கதான ரத்தம் வாங்கிட்டுப் போனீங்க?"

அந்த மனிதரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அன்றைக்கு வந்தது யார் என்று கேட்டேன்.

"தம்பிய அனுப்பிட்டேன் டீச்சர். எனக்கு ஷிப்ட்டு. ஒரே வயித்துல பொறந்தவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானன்னு..."

தம்பிக்கு இரண்டு குழந்தைகள். மூன்றாவது வயிற்றில்.

ரத்த பாசம் என்று ஊரே பேசுகிறது, அவர் மேல் மட்டும் எப்படிக் கோபப்படுவது? எனக்குக் கோபம் வந்தது, அது வேறு விஷயம். மலருக்கும் அப்போதுதான் தெரிகிறது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வீடு ரெண்டாகப் போகிறது என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அப்ப கல்யாணத்துக்கும் தம்பியவே அனுப்பிடுங்க மாமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த மனிதரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஷிப்ட் இல்லை, பயம்தான் காரணம் என்று அப்புறம் ஒத்துக்கொண்டார். "தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்ல டீச்சர்" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவரே கிளினிக்குக்கு வந்து, தன் கையையே நீட்டினார். மறுபடி கூடை, பாசஞ்சர், மூன்று நாள் சூடு, கத்தரிக்கோல். இந்த முறை ஜோடி சேர்த்து ஒட்டி முடித்தபோது ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கை தவறியிருக்கும் என்று வேறு செல்லை எடுத்து எண்ணினேன். இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் நாற்பத்தேழு. எக்ஸ், எக்ஸ், ஒய்.

விந்தணு உருவாகும்போது ஜோடிகள் சேர்ந்து நின்று, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டும். கூடுதலாக ஒரு எக்ஸ் நடுவில் நுழைந்துகொண்டால் அந்த வேலை நடக்காது. விந்தணுவை உண்டாக்குகிற செல்கள் பையன் வளர வளர அழிந்துவிடும். மற்றபடி ஆள் வேலை செய்வார், சைக்கிள் மிதிப்பார், பெண்டாட்டியிடம் பிரியமாக இருப்பார். இது யார் செய்த தப்பும் இல்லை, கருவாகும்போதே நடந்துவிடுகிற ஒரு தடுமாற்றம். மருந்து கிடையாது.

பரிசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கிளினிக்கில் டாக்டரும் நானுமாக அவரிடம் சொன்னோம். முழுசாகக் கேட்டார். பிறகு, "நான் ஆம்பளைதான டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். அதில் சந்தேகமே வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். அழுதார்.

ரிப்போர்ட் அவருடையது, அவர் சொல்லாமல் நாங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. மலரிடம்கூட. அவர் வாயைத் திறக்காவிட்டால் மறுநாள் அந்தத் தங்கையின் தலையில் பூ வைத்துவிடுவார்கள், ஏழு வருடம் கழித்து அவளும் அரச மரம் சுற்றுவாள். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு வூட்டுக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. விக்கிரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாம்பார் வாசனை. ராசேந்திரன் வீட்டுக்கே தங்கையையும் அழைத்து வந்திருந்தார்கள். கூடத்தில் ஜமக்காளம், தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மேலே அரக்குக் கலர் பட்டுப் புடவை. மலர் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள். மலரின் மாமியார் தட்டைத் தூக்கப் போகும்போது ராசேந்திரன் எழுந்து நின்றார். காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"தட்ட கீழ வைம்மா. கொற எங்கிட்டதான். மலருகிட்ட ஒண்ணுமில்ல. இன்னொரு பொண்ணக் கட்டுனாலும் புள்ள பொறக்காது."

தம்பி மீசையைத் தடவிக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தார். மலர் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. எல்லார் பார்வையும் என் மேல் திரும்பியது. அம்மா என் எதிரில் வந்து நின்றார். என்ன கோளாறு என்று கேட்டார். நான் நாற்பத்தாறு கதையைச் சொன்னேன். உங்கள் மகனுக்கு நாற்பத்தேழு இருக்கிறது என்றேன். அம்மா யோசித்தார். பிறகுதான் அந்தக் கேள்வி:

"ஊருக்கெல்லாம் நாப்பத்தாறு, எம்மவனுக்கு ஒண்ணு கூடவே இருக்குங்கிற. கூட இருக்கறத எப்படிம்மா கொறைன்னு சொல்லுவ?"

சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்ல? முதலில் சிரித்தது மலர்தான். அப்புறம் தங்கை. அப்புறம் கூடமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பிறகு தட்டிலிருந்த பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு மருமகளிடம் போனார்.

"எடுத்த சேல, திருப்பிக் குடுக்கக் கூடாது. நீயே கட்டிக்க" என்றார். ஏழு வருடத்துக்கு அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மலர் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாள், வந்து எல்லாருக்கும் பந்தி பரிமாறினாள். என் இலையில் வடை கேட்காமலே விழுந்தது.

இந்த வாரம் கிளினிக்குக்கு அந்த ஊரிலிருந்தே இரண்டு ஆண்கள் வந்திருக்கிறார்கள், வேப்ப மரத்தைத் தாண்டி உள்ளே. ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் வேண்டும், தாராளமாக வாருங்கள். ஒரே நிபந்தனை — அடையாளம் காட்ட பெண்டாட்டியும் கூட வர வேண்டும்.