தண்ணீர் தெளியும்வரை

கழிவுநீர் நிலையத்தில் அவளை எல்லோரும் 'கலங்கல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவள் தம்பிதான். அவன் போனபிறகு, அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

தம்பி அங்கே மெக்கானிக். சுருண்ட முடி என்பதால் வீட்டில் அவன் 'சுருட்டை'. ஒரு குளிர்காலக் காலையில், கசடு படியும் பெரிய தொட்டிக்கு மேலிருந்த நடைபாலத்தில் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டான். தண்ணீர் குளிர்ந்துவிட்டால் கொஞ்சம் கெட்டிப்பட்டதுபோல ஆகிவிடும். அழுக்கு அடியில் இறங்க நேரமெடுக்கும். அன்று தொட்டி சாம்பலைக் கரைத்தது போலக் கிடந்தது. எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. தண்ணீரை இறைத்து அவன் உடலை எடுக்கும்வரை அவள் கரையிலேயே நின்றாள்.

"வெயில் காலமா இருந்தா தண்ணி தெளிவா இருந்திருக்கும். உடனே கண்ணுல பட்டிருப்பான்," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். போகிறபோக்கில் சொன்ன பேச்சு. அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

அதன்பிறகு குளிர் தொடங்கினாலே அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். தெர்மாமீட்டர் இறங்க இறங்கக் கலங்கல் ஏறும். அதற்குள் யாரோ புரண்டு படுப்பது போலவே இருக்கும். வெயில் வந்தால்தான் மூச்சு வரும்.

ஆனால் ஒரு கோடைப் பகலில், தெளிந்து கிடக்கவேண்டிய தொட்டி அவள் கண்ணெதிரே கலங்கத் தொடங்கியது. அடியிலிருந்து கருப்புக் கட்டிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"அண்ணே! ஓடி வாங்க! உள்ள யாரோ கலக்குறாங்க!"

பம்பு ஆபரேட்டர் ஓடிவந்து எட்டிப்பார்த்தார். "யாரும்மா கலக்கப்போறா? சூடு ரொம்ப ஏறிப்போச்சு. அடியில தங்குன கசடு அழுகி காத்து விடுது. குமிழி அதைத் தூக்கிக்கிட்டு வருது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். இருந்தாலும் ஒரு கட்டி சுருள்சுருளாக மேலே வந்து புரண்டபோது, "டேய் சுருட்டை!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆபரேட்டர் அவளுக்கும் தொட்டியோரத் தடுப்புக் கம்பிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

பம்பைப் போட்டு அடிக்கசடை இழுத்தார்கள். சில நாளில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. "வந்து நீயே பாத்துக்கோம்மா," என்று அவரே அவளை அழைத்துப்போனார். கீழே கசடு தள்ளும் இரும்புத் தகடு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. வேறொன்றுமில்லை.

பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அதற்குப் பதிலாக அழுகைதான் வந்தது. இத்தனை நாளும் அவன் அந்தக் கலங்கலுக்குள் எங்கேயோ இருந்தான். இப்போது எங்கேயும் இல்லை.

"வேற இடத்துக்கு மாத்தச் சொல்லட்டுமா?" என்றார் ஆபரேட்டர்.

"வேணாண்ணே. நானும் போயிட்டா அவனுக்கு இங்க யாரு இருக்கா?"

மறுபடி குளிர் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவளை, "ஏன்டி, முகமெல்லாம் இப்படி மலர்ந்திருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"தண்ணி நல்லா கலங்கியிருக்கும்மா," என்றாள்.

அம்மா கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.