யேசுரட்ணம் மூடிய கண்

யேசுரட்ணம் அருமையாக ட்றம்ஸ் அடிப்பார். பகலில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் அலுவலக அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. அங்கே வாளியைக் கவிழ்த்து வைத்தாலும் விரல் சும்மா இராது. ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு அடிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். கோயிலில் அது பக்தி. மற்ற இடத்தில் அதுதான் கரைச்சல்.

தொண்ணூற்று நாலில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளி மண்டபத்தில் பெரிய சிரிப்பு விழா வைத்தார்கள். பன்னிரண்டு பேர் மேடையிலேயே இருந்து வாத்தியம் வாசிக்க, நகைச்சுவை நடிகர் அன்புராசா கபரே ஆட்டக்காரியாக வேசம் கட்டி ஆடவேண்டும். முடிவில் குதி உயர்ந்த சப்பாத்து வழுக்கித் தொப்பென்று விழுவார். அந்த நொடியில் யேசுரட்ணம் பித்தளைத் தட்டில் ஓங்கி ஓர் அடி. ஒத்திகையில் கண்ணை மூடி இரண்டு தரம் தவறவிட்டார். மேடையிலும் கோட்டை விட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று குழுத் தலைவர் சச்சிதானந்தன் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு யேசுரட்ணம் கண்ணை விழித்து வைத்துப் பழகினார். ஒத்திகையில் வேசமில்லாமல் காற்சட்டையோடு ஆடிய அன்புராசாவைப் பார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

விழா அன்று திரை விலகியது. சிவப்பு ஜிகினா, தோளில் இறகு, தொடைவரை வெட்டிய பாவாடை. உள்ளே இருப்பது அன்புராசா என்று தெரிந்தும் யேசுரட்ணத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்வரிசையில் மனைவி வேரோனிக்கா வேறு. கண் மூடிக்கொண்டது. வாய் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கியது. கை மட்டும் தாளம் பிசகாமல் ஓடியது.

மற்ற வாத்தியங்கள் நின்றன. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். விழுந்து கிடந்த அன்புராசா தலையைத் திருப்பி, தன் சொந்தக் கட்டைக் குரலில் சொன்னார்:

"யேசண்ணை, நான் விழுந்து கனநேரம்."

திடுக்கிட்டு அடித்தார் ஓர் அடி. மண்டபம் சிரித்த சிரிப்பில் தட்டின் சத்தமே கேட்கவில்லை.

முடிந்ததும் யேசுரட்ணம் குச்சிகளைச் சச்சிதானந்தனிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"வச்சிருங்கோ அண்ணை. அடுத்த விழாவிலையும் உப்பிடியே மூடுங்கோ."

அடுத்த விழாவில் சொன்னபடியே மூடினார். ஆனால் அன்புராசா விழும் அழகை ஒருதரம் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. வீடு திரும்பும்போது வேரோனிக்கா கேட்டார்:

"ஏனப்பா, இண்டைக்கு ஒரு கண் திறந்தெல்லே கிடந்தது?"