ஒரு பட்டாணி குறைகிறது

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பட்டாணியைத் தேடி நகரத்தைத் தாண்டி ஆனேக்கல் வரை போனேன்.

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

நான் வேலை பார்க்கும் நர்சரியைப் பற்றி இந்தப் பக்கத்தில் அவ்வப்போது எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு முறை: நீலசந்திராவில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளம், இரண்டு அறைகள். டீச்சர் நான். ஆயா செல்வி. தெருவில் இருக்கும் கூலிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்களிடம்தான். வருடக்கணக்காக ‘ஏ ஃபார் ஆப்பிள்’ பாடியே காலத்தை ஓட்டிவிட்டேன். இந்த வருடம்தான் நிர்வாகத்துக்குத் திடீரென்று தோன்றியது — டீச்சர் என்றால் ட்ரெயினிங் வேண்டாமா?

ஆகவே சனிக்கிழமைதோறும் நான் மாணவி. ஒரு ஹாலில் எங்களைப் போன்ற நர்சரி டீச்சர்கள் முப்பது பேர் கூடுகிறோம். பாட்டு, கதை, காகித வேலை, சார்ட் எழுதுவது... போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, கையால் செய்யும் கற்பித்தல் பொருட்கள்.

“காசு போட்டு எதுவும் வாங்காதீங்க. வீட்டுக்குப் போய் அஞ்சறைப் பெட்டியத் திறங்க, மளிகை டப்பாவத் திறங்க. எல்லாம் அங்கயே இருக்கு” என்றார் பயிற்சி மேடம்.

எங்கள் வீட்டு மளிகை டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கும். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அன்று அவர் கற்றுக்கொடுத்தது ஜோடித் தட்டு. ஒரு தட்டில் இரண்டு மொச்சை, இரண்டு புளியங்கொட்டை, இரண்டு பூந்திக்கொட்டை, இரண்டு காய்ந்த பட்டாணி — எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட வேண்டும். குழந்தை ஜோடி ஜோடியாகப் பிரித்துக் கிண்ணத்தில் போட வேண்டும். விரலுக்குப் பயிற்சி, கண்ணுக்குப் பயிற்சி, மூளைக்கும் பயிற்சி.

ஈஜிபுராவிலிருந்து வரும் ஒரு டீச்சர் எழுந்து கேட்டார். “பசங்க வாய்ல போட்டுக்கினா இன்னா மேடம் பண்றது?”

“அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?”

ஹாலே சிரித்தது. நானும்தான்.

செவ்வாய்க்கிழமை நர்சரியில் நானும் அப்படியொரு தட்டை வைத்தேன். குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு அதை எடுத்து வைக்கப் போனேன். மொச்சை ஜோடி இருந்தது. புளியங்கொட்டை இருந்தது. பூந்திக்கொட்டை இருந்தது. பட்டாணி மட்டும் தனியாக, ஒன்றே ஒன்று.

பாயைத் தூக்கி உதறினோம். பெஞ்சை நகர்த்தினோம். கூட்டிய குப்பையைச் செல்வி தரையில் கொட்டி, விரலால் கிளறிப் பார்த்தாள்.

“எலி இழுத்துனு போயிருக்கும் மிஸ். ஒரு பட்டாணிக்கு இன்னா இப்டி பதர்றீங்க?”

“எலி ஒண்ணை மட்டும் எடுத்துட்டு இன்னொண்ணை விட்டு வைக்குமாடி?”

அவள் கிளறுவதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “முழுங்கியிருந்தா பரவால்ல மிஸ், காலையில வந்துடும். மூக்குல கீது போட்டுனு இருந்தா...” என்றாள்.

முதல் நாள் இரவு சுண்டலுக்கு ஊறப்போட்ட பட்டாணியை நீங்கள் காலையில் பார்த்திருப்பீர்கள். எப்படிப் பெருத்துப் போயிருக்கும்? ஒரு குழந்தையின் மூக்குக்குள் அதே ஈரம், கூடவே சூடு. தூக்கத்தில் அது உள்ளே இழுக்கப்பட்டு மூச்சுக்குழாயில் இறங்கினால்?

அன்றைக்கு அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ரஹீம் பாய் மகன் ஆரிஃப். அப்புறம் லட்சுமியின் மகள் நித்யா. இரண்டு பேருக்குமே நான்கு வயது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் ஆரிஃப் வீட்டுக்குப் போனோம். ரஹீம் பாய் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் ஆரிஃபின் தலையைப் பின்னால் சாய்த்து மூக்குக்குள் டார்ச் அடித்தேன். முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம். பாய் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“க்யா மேடம், இன்னா தேடுறீங்க? தங்கம் கிங்கம் கீதா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“பட்டாணி எண்றதுக்கு ஒரு ட்ரெயினிங்கா? நம்ம வூட்ல பட்டாணி வச்சா இவன் வாய்க்குத் தவிர வேற எங்கியும் போவாது மேடம். பயப்படாதீங்க.”

மூக்கு சுத்தமாக இருந்தது. காதையும் பார்த்தேன். ஆரிஃபுக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு முறை பார்க்கச் சொன்னான்.

அப்படியென்றால் நித்யா.

நித்யா வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டபடியே சொன்னார்: “லட்சுமி பாப்பாவ இட்டுனு ஆனேக்கல் போயிடுச்சே. அவங்க அக்கா வூட்டுக்கு. நாளன்னிக்குத்தான் வருவாங்க.”

நாளை மறுநாள்.

லட்சுமியிடம் போன் கிடையாது. அக்கா வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில் பக்கத்தில் என்பது மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. செல்வியை நர்சரியைப் பூட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ரஹீம் பாய் கை கழுவிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

“குந்துங்க மேடம். மடிவாளாவுல வுடறேன். அங்க ஆனேக்கல் பஸ் கெடைக்கும்.”

வழியில் அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஓசூர் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனது. நித்யா அன்று காலை என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். பாடினாளா? பாடினாள். பிஸ்கெட் சாப்பிட்டாளா? ஆமாம். கடைசியில் டாட்டா காட்டும்போது மட்டும் ஒன்றும் பேசாமல் போனாள். அதை நான் நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். சந்தாபுராவில் பஸ் திரும்பும்போதே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மாவு மில்லைக் கண்டுபிடித்துவிட்டேன். கதவைத் திறந்த லட்சுமி என்னைப் பார்த்துத் திகைத்துப் போனாள். “மிஸ்... நீங்க எங்க இங்க?”

“பாப்பா எங்கம்மா?”

“தூங்கறா மிஸ். வந்ததிலிருந்து மூக்கு ஒழுகுது. அதுவும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும். ஆவி புடிக்கலாம்னு இப்பதான் வெந்நீர் வச்சேன்.”

அடுப்பை அணைக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. ஒரு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். லட்சுமி தூங்கும் பிள்ளையை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தாள். எனக்கு அவள் கூடவே ஓட வேண்டியிருந்தது.

கடைத்தெருவில் இருந்த டாக்டர் வயதானவர், கன்னடக்காரர். விளக்கைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “இதே, இல்லே இதே. இங்கயே இருக்கு, ஊத ஆரம்பிச்சிருக்கு. ஸ்வல்ப... கொஞ்சம் தலைய கெட்டியா பிடிங்கம்மா.” தலையை நான் பிடித்தேன். கால்களை லட்சுமி. நித்யா கத்திய கத்தலில் வெளியே நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நுனி வளைந்த மெல்லிய கம்பி உள்ளே போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டீச்சர் கண்ணை மூடிக்கொள்ளலாமா? மூடிக்கொண்டேன்.

தோல் உரிந்து, பாதி ஊதிய பட்டாணி பஞ்சின் மேல் கிடந்தது.

அழுகை அடங்கியதும் லட்சுமி மகளைக் கேட்டாள். “அத எதுக்குடி மூக்குல வச்ச?”

“உனக்குக் காட்டணும்னு எடுத்துனு வந்தேன்மா. நான் அத ஜோடி சேத்தேன்ல. கவுன்ல பாக்கெட் இல்ல.”

லட்சுமி என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நாளன்னிக்குத் திரும்பினதும் அனுப்பறதா வேணாமானு அவங்கப்பாவக் கேட்டுதான் சொல்லணும் மிஸ்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை வகுப்பில் நடந்ததை எழுந்து சொன்னேன். இந்தத் தடவை ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. மேடம் தன் பையிலிருந்து காலி கேமரா ஃபிலிம் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினார். “இதுக்குள்ள போற அளவுல இருக்கிற எதையும் சின்னப் பசங்க கையில குடுக்கக் கூடாது.” அருமையான, எளிமையான வழி. தெரிந்திருந்தால் நானே ஒரு வாரம் முன்னால் செய்து பார்த்திருப்பேனே?

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?” என்றேன்.

மேடத்தின் முகம் வெளுத்தது. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாதுகாப்பு... கடைசி வாரம்ங்க.”

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எல்லோரும் அப்படித்தானே? பாட்டு முதலில், பண்டிகை முதலில், ஆண்டு விழா டான்ஸ் முதலில். நல்ல நர்சரி டீச்சருக்குப் பொறுமை வேண்டும், அன்பு வேண்டும், இனிமையான குரல் வேண்டும் என்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது பயம். நல்ல, முழுசான, தூக்கத்தைக் கெடுக்கும் பயம். மற்றதெல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் நித்யா வரவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டைச் சாத்துவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே நின்றேன். செல்வி கடிகாரத்தைப் பார்ப்பாள்.

திங்கட்கிழமை லட்சுமி வந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. வாசலிலேயே கையை விட்டாள். நித்யா என்னிடம் ஓடிவந்து இடுப்பை முன்னால் தள்ளிக் காட்டினாள். பச்சைக் கவுனில் சிவப்புத் துணியில் ஒரு பாக்கெட், இரண்டு பக்கமும் கெட்டித் தையல் போட்டுத் தைத்திருந்தது.

குனிந்து அந்தப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்றப் பெண் குழந்தைகளின் கவுன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்... ஒன்றில்கூடப் பாக்கெட் இல்லை.