அடுத்த வண்டிக் கரண்ட்

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் தூரிட் வாஃபிள் பலகாரம் சுடுகிற தன் மின்சாரக் கல்லைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் நடந்து ஐலிஃபின் வண்டிக்குப் போவாள். அவள் கணவர் ஒட்வார் தன் வண்டியின் சமையல் மேடை ஜன்னலருகே நின்று அதைப் பார்ப்பார். பார்க்கக் கூடாது என்று வாரா வாரம் நினைப்பார். நினைத்தபடியே, கழுவி முடித்த கோப்பையை மறுபடியும் கழுவிக்கொண்டு நிற்பார்.

அவள் தட்டுவதற்கு முன்பே ஐலிஃபின் கதவு திறந்துகொள்ளும். அதுதான் அவருக்கு ஆகவே ஆகாது.

போடிலின் ஆட்டுப் பண்ணையை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கிற சரளை மேடு அது. தண்ணீர்க் குழாய் உண்டு, கரண்ட் கிடையாது. இலையுதிர் காலத்திலும் ஐந்தாறு கேம்பர் வண்டிகள் அங்கே நிற்கும். படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் வண்டிக்குள்ளேயே. கூரையில் பதித்த சோலார் தகடு வெயிலைத் தின்று பேட்டரியை நிரப்பினால்தான் சாயங்காலம் விளக்கு எரியும். அக்டோபர் வெயிலோ மலைக்கு மேல் தலையை நீட்டிவிட்டு, வீட்டில் எதையோ மறந்து வந்தவன் மாதிரி உடனே திரும்பிவிடும்.

போன வருஷம் வரை சனிக்கிழமை வாஃபிள் ஒட்வாரின் வண்டியில்தான். அப்போது அவரிடம் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. வசந்தத்தில் போடில் வந்து, இனி இது என் நிலத்தில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"ஆடு மிரளுதா?" என்று கேட்டார் ஒட்வார்.

"ஆடு எங்க மிரளுது, நான்தான் மிரள்றேன். அந்தச் சத்தத்துல என் புருஷன் கூப்பிட்டாக்கூட காதுல விழ மாட்டேங்குது. அதுல பாதி நல்லதுதான். ஆனாலும் வேணாம் ஒட்வார், எடுத்துரு."

அந்தக் கோடையில்தான் ஐலிஃப் வந்து சேர்ந்தார். ட்ரோண்ட்ஹைம் நகரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், எதற்கும் சிரிக்கிறவர். அவருடைய வண்டியின் கூரை முழுக்கத் தகடுகள். இருக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி. முதல் சனிக்கிழமையே, "என்கிட்ட கரண்ட் சும்மாதான் கிடக்கு, இங்க வந்து சுடுங்களேன்" என்றார். சும்மா கிடக்கிறதாம். அந்த ஒரு வார்த்தை ஒட்வாரின் நெஞ்சில் மீன் முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது.

ஏன் என்பதற்கு அவர் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒட்வார் ஆட்களையும் கார்களையும் அக்கரை சேர்க்கிற ஃபெர்ரிக் கப்பலில் இயந்திர அறைக்காரராக இருந்தவர். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஒரே கப்பல். மேலே கேன்டீனில் வாஃபிள் சுட்டு விற்றவள் தூரிட். புயலடிக்கிற நாளிலும் அவள் கல் சூடாகத்தான் இருக்கும். காரணம் கீழே எண்ணெய்ப் பிசுக்கில் நின்றுகொண்டிருந்த ஒட்வார். ஒரு நாள் அவர் படியேறி வந்து, "கல்லு சூடு போதுமா?" என்று கேட்டார். "கரண்ட் குடுக்கறது நீதானா?" என்றாள் அவள். கல்யாணம் அதிலிருந்து முளைத்ததுதான். கப்பலை உடைக்க அனுப்பியபோது கேன்டீன் கல்லை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். இரட்டை இதய அச்சு வைத்த கனமான கல். சாதாரணக் கல் கேட்பதைப் போல இரண்டு மடங்கு கரண்ட் கேட்கும். கேஸ் அடுப்பில் வைக்கிற கல் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று ஒட்வார் சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆக, அவள் கல் இத்தனை காலம் அவர் கரண்டில் சூடானது. இப்போது இன்னொருவன் கரண்டில் சூடாகிறது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே வைத்துக்கொண்டால் எரிகிறது.

போடில் வேறு சும்மா இருக்க மாட்டாள். தண்ணீர் பிடிக்க வந்தவரிடம், "என்னய்யா, உன் பொண்டாட்டி இப்பல்லாம் அந்த வண்டியிலதான் குடித்தனமாமே?" என்றாள்.

"வாஃபிள் சுடப் போறா."

"வாஃபிள் சனிக்கிழமைதானே? நேத்து புதன்."

புதன்கிழமை தூரிட் போனது பின்னல் வேலைக்கு. அதற்கும் காரணம் ஒட்வார்தான். வருகிற சனிக்கிழமை வாஃபிள் நம் வண்டியில்தான் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு, அவர் கரண்டைச் சேமித்துக்கொண்டிருந்தார். ஹீட்டரின் விசிறியை நிறுத்தினார். ஃப்ரிட்ஜை அணைத்து, பாலையும் மீனையும் வெளியே பெட்டியில் வைத்தார். தண்ணீர் பம்பின் ஃப்யூஸைக் கழற்றினார். தூரிட் படிக்கும் விளக்கைப் போட்டால் போதும், அவர் கண் தானாகக் கதவுக்கு மேலே இருக்கிற மீட்டருக்குப் போகும். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். ஒரு முறை தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை தூரிட் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் கிளம்பல. உள்ள குளிருது." ரொட்டியில் பழுப்புச் சீஸை வழித்துக்கொண்டே சொன்னாள்: "தங்கச்சி பூடோ டவுனுக்குக் கூப்பிடறா. குளிர்காலம் முடியற வரைக்கும் அங்க இருன்றா. ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"நானு?"

"உனக்குத்தான் மீட்டர் இருக்கே."

ஒட்வார் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். தங்கச்சி என்கிறாளே, தங்கச்சிதானா? ஐலிஃபும் குளிர்காலத்துக்கு நகரத்துப் பக்கம் போவதாகப் பேச்சு. எந்த நகரம் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

எப்படியாவது சனிக்கிழமை அவள் கல் இந்த மேசையில் சூடாகிவிட்டால் போதும், அவள் இருந்துவிடுவாள். அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கூரை மேலேறி, தகட்டில் படிந்திருந்த உப்பையும் கடற்பறவை எச்சத்தையும் துடைத்துவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் மீட்டரில் பச்சை. எவ்வளவு சீக்கிரம் நிறைந்துவிட்டது என்று பூரித்துப்போனார். இங்கேதான் அவர் கண்ணைப் பொறாமை கட்டியது. பழைய ஈய பேட்டரி சீக்கிரம் நிறைந்தால் அது நல்ல சேதி இல்லை. போன குளிர்காலத்தில் அடிமட்டம்வரை இறக்கி இறக்கிப் பேட்டரியின் உள்ளே ஈயத் தகடுகள் செத்திருந்தன. அண்டா சுருங்கிக் கிண்ணமாகியிருந்தது. கிண்ணம் சீக்கிரம் நிறையாதா? சும்மா இருக்கும்போது மீட்டர் காட்டுவதை நம்பாதே, சுமை ஏற்றிப் பார் என்று கப்பலுக்கு வந்த புது ஆட்கள் எல்லோருக்கும் சொன்னவர் அவர்தான். அன்றைக்கு அவர் சுமை ஏற்றிப் பார்க்கவில்லை. பச்சையைப் பார்த்தார், ஐலிஃபின் ஜன்னலைப் பார்த்தார், போதும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே வண்டி வண்டியாகத் தட்டி எல்லோரையும் அழைத்தார். ஐலிஃபின் கதவை மட்டும் கொஞ்சம் ஓங்கித் தட்டினார்.

"இன்னைக்கு எங்க வண்டியில."

"அப்படியா? நல்லதாப் போச்சு. நான் ஸ்ட்ராபெர்ரி ஜாம் கொண்டாரேன்," என்று ஐலிஃப் சிரித்தார். பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளியின் நல்ல குணத்தைப் போல எரிச்சல் தருவது எதுவுமில்லை.

தூரிட் கல்லைத் துண்டிலிருந்து எடுத்துத் தன் மேசைமேல் வைத்தாள். "பேட்டரி தாங்குமா?"

"நீ மாவை ஊத்து."

முதல் வாஃபிள் பொன்னிறத்தில் வந்தது. ஒட்வார் அதைத் தன் கையாலேயே ஐலிஃபின் தட்டில் வைத்தார். புளிப்பு க்ரீமையும் அவரே போட்டார். "சாப்பிடு. கரண்ட் சும்மாதான் கிடக்கு."

ஐலிஃபுக்கு அது உறைக்கவே இல்லை. "மொறுமொறுன்னு இருக்கு," என்றார்.

இரண்டாவது ஊற்றி மூடியை அழுத்தியதும் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. கோழிக்குஞ்சு மாதிரி முதலில் விட்டு விட்டு, பிறகு நிறுத்தாமல். விளக்கு மங்கியது. மீட்டரில் எண் படிக்கட்டிலிருந்து உருள்வது போல இறங்கியது. பிறகு எல்லாம் அணைந்தது. தூரிட் மூடியைத் திறந்தாள். மாவு மேல் பாதி, கீழ்ப் பாதி என்று கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போடில் கோப்பைக்குள் பார்த்தாள். "எனக்கு வேகாத மாவுதான் பிடிக்கும்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"என்கிட்ட நீள ஒயர் இருக்கு. அங்கிருந்து இழுத்துக்கலாமே," என்றார் ஐலிஃப்.

"வேணாம்," என்றார் ஒட்வார். "தூரிட், கல்லை எடுத்துட்டு அவரு வண்டிக்கே போ. அங்கதானே உனக்கு எல்லாம்."

சொல்லிய பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. போடில் நாய்க்குச் சோறு வைக்க வேண்டும் என்று எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். ஐலிஃப் ஜாம் பாட்டிலை எடுப்பதா வைப்பதா என்று திகைத்து, வைத்துவிட்டுப் போனார்.

தூரிட் மரக்குச்சியால் கல்லைச் சுரண்டினாள். முழுக்கச் சுரண்டி முடித்த பிறகுதான் பேசினாள்.

"அந்த ஆளு எத்தனை தடவை ஒரே கண்ணாடிக் கடைக் கதையச் சொல்றான் தெரியுமா? எனக்கே மனப்பாடம். அதக் கேக்கவா போறேன்?"

"அப்புறம் எதுக்குப் போற?"

"அங்க நான் விளக்கு போட்டா யாரும் மீட்டரப் பாக்கறதில்ல. தொண்டையக் கனைக்கறதில்ல." மரக்குச்சியை மேசைமேல் வைத்தாள். "கப்பல்ல நீ மேல வந்து என்ன கேட்ட? சூடு போதுமான்னு கேட்ட. எவ்வளவு இழுக்குதுன்னு ஒரு நாளும் கேக்கல. நான் கட்டிக்கிட்டது அந்த ஆள."

ஒட்வார் நின்றார். கதவுக்கு மேலே மீட்டர் செத்துக் கிடந்தது. அதைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கதவருகே கிடந்த தன் காலணியைப் பார்த்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஐலிஃபின் கதவு இந்த முறையும் தட்டுவதற்கு முன்பே திறந்தது. யார் வந்தாலும் அப்படித்தான் திறக்கிறது போலும்.

"அந்த ஒயரு," என்றார் ஒட்வார்.

"கேக்கணுமா?"

இருவருமாகப் புல்லில் ஒயரை இழுத்தார்கள். செருகுவதற்கு முன் ஒட்வார் தன் சார்ஜரை அணைத்தார். வாஃபிளுக்கு மட்டும்தான். தன் பேட்டரிக்குள் ஐலிஃபின் கரண்ட் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. அந்த அளவுக்கு அவர் இன்னும் ஒட்வார்தான். பண்ணை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த போடில், "புருஷன் பொண்டாட்டி சண்டை முடிஞ்சுதா, திரும்பி வரலாமா?" என்று கத்தினாள்.

உள்ளே வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, தூரிட்டிடம் கேட்டார்: "கல்லு சூடு போதுமா?"

அவள் உள்ளங்கையைக் கல்லுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்," என்றாள்.

மாவு தீரும்வரை சுட்டாள். ஒட்வார் கடைசியாகச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பேட்டரி கொஞ்சம் தேறியதும் ஒட்வார் ஹீட்டர் விசிறியை மறுபடி போட்டார். தங்கச்சியிடம் தூரிட் போனில் பேசுவதை ஹீட்டர் விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்க முடிந்தது. "கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கயே இருந்து பாக்கறேன்," என்றாள். "இல்லல்ல, அவரு புது பேட்டரி வாங்கப் போறாரு. அதுக்காக இல்ல. பாக்கறேன்."

வெளிச்சம் குறைந்தது. அவள் பின்னலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படிக்கும் விளக்கைப் போட்டாள். சற்று யோசித்து, தேவையே இல்லாமல் சமையல் மேடை விளக்கையும் போட்டாள். ஒட்வாரின் கழுத்து கதவுப் பக்கம் திரும்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்தார்.

"ஐலிஃப் இன்னும் விளக்கே போடல," என்றாள் தூரிட், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்து நமக்குக் குடுத்ததுல தீந்துருச்சோ என்னமோ. பாவம்."

பாவமாம். ஒட்வார் ஆடுகளை இன்னும் உற்றுப் பார்த்தார்.