தலைக்கட்டு ஏறிப்போன காலம்

போன வாரம் என் அண்ணன் மகன் தினேஷ் ஒரு மீன் டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அவன் லாட்வியாவில் வெல்டிங் வேலை பார்க்கிறான். லாட்வியா எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ரஷ்யாவுக்குப் பக்கத்தில், கடலோரமாக ஒரு சின்ன நாடு என்று அவன் சொன்னான், நானும் தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். "நம்ம நெத்திலி மாதிரிதான் அத்தே, புகையில வாட்டி எண்ணெயில போட்டு வெச்சிருக்கான்" என்றான். பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு அத்தனை தூரத்திலிருந்து மீன் சுமந்து வருகிற அறிவாளி எங்கள் வீட்டில்தான் பிறப்பான்.

டப்பாவைத் திறந்ததும் சமையலறை முழுக்கப் புகை வாசனை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "இன்னா தீயுது?" என்று எழுந்து வந்துவிட்டார். எதுவும் தீயவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் மனசு இந்தப் பொன்னேரி வீட்டில் நிற்கவில்லை. அது அப்படியே சவுக்குச் சருகு எரிகிற வாசனை. எங்கள் குப்பத்தில் அடுப்புக்கு அதுதான். அந்தப் புகை புடவையில் ஏறும், தலைமுடியில் ஏறும், வேலையில் சேர்ந்த புதிதில் நான் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த காக்கிப் பையிலும் ஏறும். அந்தப் பையில் இருந்தவை குடும்பக் கட்டுப்பாட்டுப் படங்கள்.

ஆமாம், என் முதல் உத்தியோகம் அதுதான். குழந்தை பெற்றுக்கொள்ளாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வது. குப்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண் என்பதால் வேலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் என் சொந்தக் குப்பத்துக்கே என்னை அனுப்பினார்கள். ஊர்க்காரி சொன்னால் கேட்பார்கள் என்று யாரோ மேலே இருப்பவர் நினைத்திருக்கிறார். அவருக்கு ஊர் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்போது பாலம் கிடையாது. பழவேற்காட்டிலிருந்து படகில் ஏரியைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கி, எங்கள் குப்பத்துக்கு மணலில் நடக்க வேண்டும். நான் பையோடு வருவதைப் பார்த்ததுமே பெண்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. "மூக்க ஒழுக்கினு திரிஞ்ச பொண்ணு, எனக்குப் புள்ள பெக்கிற கணக்குச் சொல்ல வந்துகீதுடி" என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அத்தை சொன்னதற்கு அந்தக் கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, அவர் சொன்னதில் பொய் இல்லையே.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அமோக வெற்றி. ஆண்களுக்கான உறைகளை எவ்வளவு கொண்டுபோனாலும் தீர்ந்துவிடும். வயசானவர்கள்கூட வந்து கேட்டு வாங்கினார்கள். மேலதிகாரி என்னை அழைத்துப் பாராட்டினார், மற்ற ஊர்களில் இதே வேலை பார்த்த பெண்களிடம் என்னை உதாரணமாகச் சொன்னார். பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கடலுக்குப் போகும்போது பீடியையும் தீப்பெட்டியையும் அதில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டால் எந்த அலையிலும் நனையாதாம். பீடி நனையவில்லை, பிள்ளைகளும் குறையவில்லை. நான் இதை அதிகாரியிடம் சொல்லவில்லை. அந்தப் பாராட்டு எனக்குத் தேவையாக இருந்தது.

பிள்ளைகள் ஏன் குறையவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் பாட்டைச் சொல்ல வேண்டும். வாயால் பாடுகிற பாட்டு இல்லை, ஏரியில் இருக்கிற பாடு. ஏரியில் இறால் வரத்து நன்றாக இருக்கும் இடங்களைப் பிரித்து, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த உரிமைக்குத்தான் பாடு என்று பெயர். முறை தலைக்கட்டுக்கு ஒன்று. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். தாலி கட்டிய அன்றைக்கு அவன் ஒரு தலை. அதற்கு முன்பு அவன் எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் ஊர்க் கணக்கில் பூஜ்யம். பெண்கள் என்றைக்குமே பூஜ்யம். அரசாங்கச் சம்பளம் வாங்கிய நானும் பூஜ்யம்தான்.

ஆக, வீட்டில் நாலு பையன் இருந்தால் நாலு முறை. மீசை அரும்பினால் கல்யாணம். இப்படி எல்லோரும் தலைகளைச் சேர்த்ததில் முறை சுற்றி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஊரே புலம்பும். "தலைக்கட்டு ஏறிப்போச்சு, நம்ம முறை எப்ப வரும்னே தெரியல" என்பதுதான் டீக்கடையில், கோயிலில், சாவு வீட்டில் எல்லாம் பேச்சு. அடடா, இதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு பெரியவரிடம் போய், "பசங்க கொறைஞ்சா முறை சீக்கிரம் வருமில்ல மாமா?" என்று கேட்டேன். அவர் மிகவும் யோசித்தார். "கரெக்டும்மா. அந்த மேலண்ட தெருவுல போய்ச் சொல்லு. அவனுங்கதான் ஜாஸ்தி" என்றார். மேலண்டைத் தெருவில் போய்ச் சொன்னேன். அவர்கள் கீழண்டைத் தெருவைக் காட்டினார்கள். மக்கள்தொகைப் பிரச்சினை பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பேசக் கேட்டுவிட்டேன், யாரும் இதற்கு மேல் எதுவும் சொல்லிவிடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் குப்பத்துக்கு வந்து, "உங்க ஊர்ல மொத்தம் எவ்வளவு பேர்?" என்று ஊர்த் தலைவரைக் கேட்டார். தலைவர் யோசிக்காமல் தலைக்கட்டு எண்ணிக்கையைச் சொன்னார். ஊரில் பேர் என்றால் அவருக்கு அதுதான். அதிகாரி அதை மொத்த ஜனத்தொகை என்று எடுத்துக்கொண்டார். பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை அதோடு வைத்துப் பார்த்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. இத்தனை கொஞ்சம் பேர் இவ்வளவு குழந்தை பெறுகிறார்களா! அவர் கணக்குப்படி எங்கள் குப்பத்து ஆம்பளைகளே பெற்றுக்கொண்டிருந்தால்தான் உண்டு. "இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே இத்தினி நாளா?" என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். உடனே எங்களுக்குச் சிறப்பு முகாம் அறிவிக்கப்பட்டது.

ஜீப்பைப் படகில் ஏற்ற முடியாததால் மைக் செட்டை மட்டும் ஏற்றி வந்தார்கள். பந்தல், கலர் காகிதம், டாக்டர், நர்ஸ், எல்லாம் வந்தாயிற்று. ஊர் மொத்தமும் வந்து மைக்கில் போட்ட பாட்டைக் கேட்டது. ஆபரேஷனுக்கு முன்வந்தது ஒரே ஒரு ஆள். என் அண்ணி மல்லிகா.

அண்ணிக்கு முதலில் பெண், பிறகு தினேஷ். எங்கள் துறை சுவரில் ஒட்டுகிற படத்தில் இருப்பது போலவே அப்பா, அம்மா, ஒரு பெண், ஒரு பையன். போட்டோகூட எடுத்தார்கள். என் அண்ணன் ஏழுமலை அதில் யாரோ செத்துப்போன மாதிரி நிற்பார். ஒரே பையன் என்றால் ஒரே முறைதானே. ஊர் என்னைத்தான் திட்டியது, சொந்த அண்ணன் வம்சத்தையே பாதியாக வெட்டிவிட்டாள் என்று. அண்ணிதான் என் பக்கம் நின்றார், அதுவும் என் முகத்தில் அடித்த மாதிரி. "ஒனக்காக ஒண்ணியும் பண்ணல. என் இடுப்பு என் இடுப்பு. நீ வரலன்னாலும் பண்ணியிருப்பேன்." என் சர்வீஸில் அந்தக் குப்பத்தில் நான் சாதித்ததாகச் சொல்லிக்கொள்ள இருந்த ஒன்றையும் அவர் இப்படி எடுத்துக்கொண்டார்.

மீனை வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, காரம்தான் இல்லை. தினேஷ் எதிரில் உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிச் சொன்னான். "ஆளே இல்ல அத்தே. நான் கீற தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடக்குது. ஸ்கூல் ஒண்ணு இருந்துச்சு, அத்தயும் மூடிட்டானுங்க. சின்ன வயசுக்காரன் எல்லாம் ஜெர்மனி, இங்கிலாந்துன்னு போயிட்டான்." அவன் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா வாரம் தவறாமல் அவனிடம், எப்போது கல்யாணம், பெண்ணை இங்கேயே அழைத்து வா, இங்கேயே பெற்றுக்கொள் என்று நச்சரிக்கிறாராம். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக் கணக்கில் மூக்கை நுழைக்கிற அதே உத்தியோகம்.

"அப்ப ஒன்ன அங்க தலையில தூக்கி வெச்சுக்கினு ஆடுவாங்கன்னு சொல்லு" என்றேன்.

"எங்க? ஆளு வேணும் ஆளு வேணும்னு சொல்றான். வந்த ஆளைப் பாத்து எப்ப போவேன்னு கேக்கறான்" என்று சிரித்தான்.

சிரித்து முடித்த பிறகு அவன் வந்த காரியத்தைச் சொன்னான். அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது, தண்ணீரில் இறங்க முடிவதில்லை. இறங்க முடியாதவர் பெயரை எடுத்துவிட்டு மகன் பெயரைப் போடுவது வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஊரில் இருக்கவும் வேண்டும். தினேஷுக்கு இரண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அண்ணன் பெயரை எடுத்துவிட்டால் எங்கள் அப்பா நின்ற இடத்தில் இனி எங்கள் வீட்டுப் பெயர் கூப்பிடப்படாது. "நைனா சரியா சாப்பிடறது இல்ல அத்தே. நீ வந்து கொஞ்சம் பேசு. நான் திரும்பி வரப்போறது இல்லன்னு அவருக்கும் தெரியும். பேரு மட்டும் இருக்கணும்ன்றாரு."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது. சட்டென்று போய்விடலாம். ஆட்கள் எல்லாம் அதே பாலத்தின் வழியாகச் சட்டென்று வெளியே போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம். ஏரி முகத்துவாரத்தில் மணல் அடைத்து, மீன் வரத்து குறைந்து, பையன்கள் எண்ணூருக்கும் துபாய்க்கும் போய், மிஞ்சிய குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. முறை வந்த கையோடு திரும்பவும் வந்துவிடுகிறதாம். வலை கட்ட ஆள்தான் கிடைப்பதில்லை. என்னுடைய பிரச்சாரம் இவ்வளவு காலம் கழித்துப் பலித்துவிட்டது. பாராட்டத்தான் அந்த மேலதிகாரி இல்லை.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். என்னை வரவேற்கக்கூட இல்லை, நேராக வழக்குக்கு வந்துவிட்டார். துபாயில் இருந்த இன்னாரின் பெயரைச் சேர்த்தது, பொண்டாட்டி ஓடிப்போனவனைத் தலைக்கட்டாகவே விட்டுவைத்தது, தாலி கட்ட நாலு நாள் இருந்தவனைச் சேர்த்துக்கொண்டது என்று பழைய தீர்ப்புகளை எல்லாம் அடுக்கினார். "கல்யாணம் ஆவலன்னு சொல்வானுங்க. சொல்லட்டும். நானும் ஒண்ணு வெச்சினுகீறேன்" என்று கண்ணைச் சிமிட்டினார். அவர் கல்யாணம் முடிந்தபோது அவரைத் தலைக்கட்டில் சேர்ப்பதற்கே பெரிய அடிதடி நடந்தது. துடுப்பை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெயர் ஏறுவது என்றால் சும்மாவா.

பெண்கள் கூட்டத்துக்குப் போவதில்லை. நானும் அண்ணியும் வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். தினேஷ் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் என்றால் அந்திவரை இழுக்கும், கத்தல் இங்கே கேட்கும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சட்டியில் இறால் பாதிகூட ஆகவில்லை, அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

"இன்னாச்சு? முடியாதுன்னுட்டானுங்களா?" என்றார் அண்ணி.

"சேத்துட்டானுங்க."

"தினேஷு பேரா?"

"ஆமா. புதன்கிழமையே முறை." தினேஷின் விமானமும் அன்றைக்குத்தான்.

"அப்புறம் ஏன்யா மூஞ்சிய இப்படி வெச்சினுகீறே?"

அண்ணன் சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்தார். "நான் பேசவே ஆரம்பிக்கலடி. தினேஷுதானே, போட்டுக்கன்னுட்டானுங்க. கல்யாணம் ஆவலையேன்னு நானே எடுத்துக் குடுத்தேன். அத்த யாரு இப்ப பாக்கறான்றான். ஊர்ல இல்லியேன்னேன். பரவால்லன்றான். வேற யாருன்னா பேரு கீதான்னு என்னையே கேக்கறான்."

தினேஷ் போனை அணைத்துவிட்டு உள்ளே பார்த்தான். எனக்கு அழுகை வந்தது, இறாலைக் குனிந்து உரித்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்துவிட்டு வந்த மனிதருக்கு என்ன ஆறுதல் சொல்வது?

"ஒருத்தன்," என்றார் அண்ணன் என்னைப் பார்த்து. "ஒரே ஒருத்தனாச்சும் எழுந்து, கூடாதுன்னு சொல்லியிருக்கலாம்மா."