மணிக்கட்டில் தலைகீழாய் ஒரு தசை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரு பின்னேரம், கத்தரிக்கோல் பிடித்திருந்த வலது கையின் பெருவிரல் விறைத்துப்போனது. பிறகு சுட்டுவிரல், நடுவிரல். கத்தரிக்கோலை மூடும்போதெல்லாம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு எழும்பியது, திறந்ததும் படுத்துக்கொண்டது. தோலுக்குக் கீழே எதுவோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

புற்றுநோய்தான் என்று நானாகவே முடிவுசெய்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தெரியாத இடத்தையெல்லாம் பயத்தால் நிரப்பிக்கொள்வது என் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்த டொக்டர், "கட்டி இல்லை, தம்பி. தசை," என்றார். முன்கையில் பாமாரிஸ் லோங்கஸ் (மணிக்கட்டை மடக்க உதவும் மெல்லிய தசை) என்று ஒன்று உண்டாம். அதன் சதை முழங்கைப் பக்கமும், தசைநாண் (தசையின் கயிறு போன்ற நுனி) மணிக்கட்டுப் பக்கமும் இருக்க வேண்டும். எனக்கு மாறி இருந்தது. சதை மணிக்கட்டில் திரண்டு, விரல்களுக்குப் போகும் நரம்பை நசுக்கியது.

பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை மடக்கச் சொன்னார். என் இடது கையில், நடுவே ஒரு கயிறு எழுந்து நின்றது.

"சிலருக்கு இது இல்லவே இல்லை. கெண்டைக்காலிலயும் இப்பிடி ஒரு சின்னத் தசை இருக்கு. அதுவும் சிலருக்கு இராது. இல்லாட்டியும் ஒண்டும் நடக்காது."

வீட்டுக்கு வந்து கெண்டைக்காலை அமுக்கி அமுக்கித் தேடினேன். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத வீட்டில் குடியிருப்பதுபோல இருந்தது.

தசையை வெட்டி எடுத்தால் கை திரும்பி வரும், விட்டால் பிடிமானம் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிடிமானம் போனால் வேலையும் போகும். ஆனால் வெட்டினால் தழும்பு வரும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழ் இளைஞனின் உடம்பில் தழும்பென்றால், ஆமியின் சோதனைச் சாவடியில் அது சண்டைக்காயம்தான். விசாரிக்கவென்று கொண்டுபோனால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

"ஒண்டையும் ஒழுங்காச் செய்யமாட்டாய். தசையையும் தலைகீழா வைச்சுக்கொண்டு பிறந்திருக்கிறாய்," என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "கை போனா நான் வாயில சோறு தீத்துவன். உன்னைக் கொண்டுபோனா எங்கயடா போய்த் தேடுறது?"

தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் கடையில் கத்தரிக்கோல் விழுந்தது. சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தபோதுதான், என் கை திறந்திருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு சம்மதித்தேன்.

காயம் ஆறியது. விரல்களுக்கு உணர்வு ஒவ்வொன்றாய் வந்தது. தழும்பை மறைக்க நீளக்கைச் சட்டை போட்டுத் திரிந்தேன். கொழும்பு வெயிலில் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் சாவடியில், பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கிய சிப்பாய் நேரே என்னிடம் வந்தான். சட்டைக் கையை மேலே தள்ளி, தழும்பில் பெருவிரலை வைத்து அழுத்தினான்.

"வெடித?" சுட்ட காயமா என்று கேட்கிறான்.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் வாயில் வரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, டொக்டர் காட்டியபடி விரல்களைச் சேர்த்தேன். இடது கையில் கயிறு எழுந்தது. வலது கையில் தழும்பு மட்டும்.

அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, தானும் செய்து பார்த்தான். அவனுக்கு வலது கையில் எழுந்தது. இடது கையில் ஒன்றுமில்லை. தழும்பும் இல்லை. மறுபடி செய்தான்.

"மகே எக்க கோ?" என்றான். என்னுடையது எங்கே என்று, எடுத்தவன் நான் என்பதுபோல.

வாங்கி வைத்திருந்த என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டான். பஸ் புறப்பட்டபோதும் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இதே விறைப்போடு இதை வாசிக்கிறவர்களுக்கு: எனக்குக் கை திரும்பி வந்தது. பயமும் போய்விடும் என்று மட்டும் சொல்லமாட்டேன். இன்றும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டுகளைத்தான் என் கண் தேடுகிறது. தசை இருந்த இடம் சில நேரம் கனக்கிறது, ஒரு பெருவிரல் அழுத்துவதுபோல. சாவடியை எடுத்துப் பல வருஷம். அந்த விரலை அவன் இன்னும் எடுக்கவில்லை.