குச்சி ஐஸ் காப்பாற்றிய பரீட்சை

ஃப்ரிட்ஜை நம்பி முட்டாளானவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இரவும் பகலும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். அசதியில் ஓட்டல் பார்சல் வாங்கியே சம்பளம் கரைந்தது. செலவைக் குறைக்க ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வாரம் முழுவதுக்கும் சேர்த்து மொச்சைக் குழம்பு வைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கினேன். தவக்காலம், கறி கிடையாது.

"கரெண்டே நிக்க மாட்டேங்குது, எதுக்குங்க இந்த பேஜாரு?" என்றாள் மனைவி ஸ்டெல்லா. கேட்டால் நான் எப்படி மேதையாவது?

நடுவில் ஒரு சாவுக்காகக் கெடார் கிராமத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால் குழம்பு கல்லு மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. சூடு பண்ணி அவள் சோற்றில் ஊற்றினேன். புளித்த வாடையை நான் அள்ளிப் போட்ட பூண்டு மறைத்துவிட்டது.

ஃப்ரீசரைத் திறந்த ஸ்டெல்லா கத்தினாள்: "தின்னாதடி! உன் குச்சி ஐஸ் உருகித் தட்டையா ஒட்டிக்கினு கெடக்குது. எல்லாமே உருகி மறுபடி உறைஞ்சிருக்குதுங்க!"

வாய்க்குப் போன கவளம் தட்டில் விழுந்தது. என் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு குப்பைக் குழிக்குள் போனது.

இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும்போது ஃப்ரீசரில் ஒரு குச்சி ஐஸை டம்ளரில் நிற்க வைத்துவிட்டுப் போகிறேன். வந்ததும் அது உருகாமல் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

போன வாரம் ஸ்டெல்லாவிடம் ஆசையாகக் கேட்டேன்: "ஞாயித்துக்கெழம மொத்தமா சாம்பார் வச்சிடட்டுமா?"

"ரசம் கொதிக்குது, உக்காருங்க."